கேமரா என்றால் அறை

நீதிமன்றச் செய்திகளில் அவ்வப்போது 'இன்-கேமரா விசாரணை' என்று வரும். முதன்முதலில் அதைப் படித்தபோது, விசாரணை முழுவதையும் வீடியோ எடுக்கப் போகிறார்கள் என்றுதான் புரிந்துகொண்டேன். பல வருஷம் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன். விஷயம் நேர் எதிர். இன்-கேமரா என்றால் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தும் விசாரணை. பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் உள்ளே இடமில்லை. யாராவது கேமரா வைத்திருந்தால் முதலில் அதைத்தான் வெளியே அனுப்புவார்கள்.

அந்தத் தொடர் ஆங்கிலமே அல்ல, லத்தீன். லத்தீனில் 'கமெரா' என்றால் அறை. 'இன் கமெரா' என்றால் அறைக்குள், அதாவது நீதிபதியின் தனியறைக்குள். அப்படியானால் நம் கையில் இருக்கும் படம் பிடிக்கும் கருவிக்கு அறை என்ற பெயர் எப்படி வந்தது? இடையில் அந்தச் சொல் கஜானாவாக, சிறையாக, தோழராக, ஹோட்டல் சர்வராக, சைக்கிள் டியூபாகக்கூட ஆகியிருக்கிறது. எல்லாமே ஒரே சொல்தான் என்று முதலில் சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும்.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் அது அறைகூட இல்லை, கூரை. கிரேக்கத்தில் 'கமாரா' என்றால் வளைந்த மூடாக்கு. வில் போல வளைந்த கூரை, கூண்டு கட்டிய வண்டி, இப்படி எதையாவது மேலே கவிந்து மூடுவது. ரோமானியர்கள் இதை வாங்கிக்கொண்டு வளைகூரைக்குப் பெயராக்கினார்கள். கட்டடக் கலையைப் பற்றி எழுதிய விட்ருவியஸ், கமெரா அமைப்பது எப்படி என்று பொறுமையாகப் பாடம் நடத்துகிறார். மரப்பட்டைகளை வளைத்துப் பொருத்து, தட்டிய நாணலைக் கயிற்றால் கட்டு, மேலே சாந்து பூசு. கருங்கடல் ஓரத்து மக்கள் அலை உயர உயரப் பக்கப் பலகைகளை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் கூரை போல மூடிவிடும் படகுகளை வைத்திருந்தார்கள். அவற்றுக்கும் இதுவே பெயர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்திருக்கிறார். ரோம் நகரத்தின் நிலவறைச் சிறையை இன்னொரு வரலாற்றாசிரியர் சல்லஸ்ட் வர்ணிக்கும் இடத்திலும் இந்தச் சொல் வருகிறது. கி.மு. 63-இல் ரோம அரசைக் கவிழ்க்கக் கட்டிலினா செய்த சதியில் சேர்ந்தவர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற இடம் அது. நாலு பக்கமும் சுவர், மேலே கல் வளைவுகளால் பிணைத்த கமெரா என்கிறார். அங்கேயும் கமெரா என்றால் கூரைதான்.

கூரை எப்போது அறையாயிற்று? பிற்கால லத்தீனில். ஒரு பகுதியின் பெயரால் முழுமையைக் குறிப்பது எல்லா மொழியிலும் உள்ள பழக்கம். தமிழ் இலக்கணம் இதைச் சினையாகுபெயர் என்று தனியாகப் பெயரிட்டே வைத்திருக்கிறது. கூரை முழு அறையையும் குறிக்கத் தொடங்கியது, அப்புறம் கூரையின் நினைவே போய்விட்டது. இங்கிலாந்தில் 1641-இல் ஒழிக்கப்பட்ட ஒரு பொல்லாத நீதிமன்றத்துக்கு 'ஸ்டார் சேம்பர்' என்று பெயர். அதன் கூரையில் நட்சத்திரங்கள் வரைந்திருந்ததால் வந்த பெயர் என்பார்கள். மேலே நிமிர்ந்து பார்த்து ஒரு அறைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய பொருள் தற்செயலாக எட்டிப் பார்க்கிறது.

ஸ்டார் சேம்பர் என்றதும், 'சேம்பர்' எப்படி இங்கே நுழைந்தது என்ற கேள்வி வரும். கேமராவும் சேம்பரும் கூடப்பிறந்தவை. பிரெஞ்சுக்காரர்களின் வாய் செய்த வேலை இது. பாரிஸ் பக்கத்துப் பேச்சில் லத்தீனின் 'க' பல இடங்களில் 'ச' ஆகி, பிறகு 'ஷ' ஆகிவிட்டது. பாடுவதற்கு லத்தீனில் 'கந்தாரே', பிரெஞ்சில் 'ஷான்தே'. குதிரைக்கு 'கபால்லுஸ்', பிரெஞ்சில் 'ஷெவால்'. பூனைக்கு 'கத்துஸ்', பிரெஞ்சில் 'ஷா'. கமெராவின் முதலெழுத்துக்கும் அதே கதிதான். நடுவில் இருந்த 'எ' பேச்சு வேகத்தில் தேய்ந்து விழுந்தது. 'ம்' பக்கத்தில் 'ர' வந்து ஒட்டியது. இப்போது 'ம்ர', 'ம்ர' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். மூக்கு வழியாகப் போகும் காற்று உதடு திறப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே நின்றுவிட்டால், நடுவில் ஒரு 'ப்' தானாக முளைக்கும். அப்படித்தான் 'ஷாம்ப்ர்' வந்தது. எண்ணைக் குறிக்கும் லத்தீன் 'நுமெருஸ்' பிரெஞ்சில் 'நோம்ப்ர்' ஆனதும் இதே வழிதான். 'ஷா' ஆவதற்கு முந்தைய 'சா' உச்சரிப்போடு இங்கிலாந்துக்குப் போனது, சேம்பர் ஆயிற்று.

ஆக ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு தடவை நுழைந்திருக்கிறது. ஒன்று பேச்சு வழியில் அடிபட்டுத் தேய்ந்து வந்த சேம்பர். இன்னொன்று புத்தக லத்தீனிலிருந்து கசங்காமல் எடுத்த கேமரா. நாம் ஆங்கிலத்திடமிருந்து இரண்டையுமே எடுத்துக்கொண்டோம். வக்கீல் சேம்பரில் இருக்கிறார், வாசலில் கேமரா இருக்கிறது என்று சொல்லும்போது இரண்டும் ஒரே சொல் என்று யாருக்குத் தோன்றும்?

அறை என்பது வெறும் நான்கு சுவர். அதற்குள் யார் இருந்தார்கள், என்ன வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இந்தச் சொல் ஊருக்கு ஊர் மாறிப் போயிருக்கிறது. ஐரோப்பிய அரசர்கள் கதையில் இது பளிச்சென்று தெரியும். அந்தக் காலத்து அரசன் பணத்தை எங்கே வைத்திருந்தான்? படுக்கையறையில், கண் பார்வையில். அதனால் படுக்கையறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரன் மெல்ல மெல்லப் பெட்டிச் சாவியையும் பார்த்துக்கொள்பவன் ஆனான். சாவி இருக்கும் இடத்தில் அதிகாரமும் வந்து சேரும். லத்தீன் கமெராவோடு ஜெர்மானிய விகுதி ஒன்று சேர்ந்து உருவான 'சேம்பர்லின்' என்ற பதவி இப்படித்தான் அரண்மனையின் பெரிய பதவிகளில் ஒன்றாயிற்று, பிறகு குடும்பப் பெயரும் ஆயிற்று. இத்தாலிய வடிவம் 'கமெர்லெங்கோ'. போப் இறந்ததும், அடுத்தவர் தேர்வாகும் வரை வத்திக்கானின் அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்கும் கார்டினலுக்கு இன்றும் அதுதான் பெயர். 2025 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் மறைந்த செய்தியை உலகத்துக்கு அறிவித்தவர் கமெர்லெங்கோ கெவின் ஃபாரல். பெயரைப் பிரித்துப் பார்த்தால் அறையைக் கவனிக்கும் ஆள், அவ்வளவுதான்.

ஜெர்மன் நாடுகளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அரசனின் 'கம்மர்', அதாவது கஜானா அறை, எப்படி நிரம்பும் என்பதையே ஒரு பாடமாக்கி, 1727-இல் ஹாலே, ஃப்ராங்ஃபுர்ட் ஆன் டெர் ஓடர் பல்கலைக்கழகங்களில் அதற்கென்று பேராசிரியர் பதவிகளை உருவாக்கினார் பிரஷ்யாவின் முதலாம் ஃபிரெடெரிக் வில்லியம். அந்தத் துறைக்குக் கேமரலிசம் என்று பெயர். இதைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒளிப்பதிவுக் கோட்பாடு போலிருக்கிறதே என்று நினைப்பவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அறையில் கூடுபவர்களையும் அறையின் பெயராலேயே அழைத்தார்கள். மார்சேயில் 1599-இல் வணிகர்கள் கூடி அமைத்ததுதான் முதல் சேம்பர் ஆஃப் காமர்ஸ். இத்தாலிய நாடாளுமன்றத்தின் கீழவைக்குப் பெயர் 'காமெரா', நெதர்லாந்தில் இரண்டு அவைகளுக்கும் 'காமர்', துருக்கியில் பிரிட்டனின் பிரபுக்கள் சபையைச் சொல்வது 'கமரா' என்ற சொல்லால். ஜெர்மனியில் டாக்டர்கள் சங்கம் 'கம்மர்'. மாவட்ட நீதிமன்றத்தில் சேர்ந்து உட்கார்ந்து தீர்ப்பளிக்கும் நீதிபதிகள் குழுவும் 'கம்மர்'. இதில் நம் வழி வேறு. ஆங்கிலத்தில் 'இரண்டு அறைகள் கொண்ட' என்று பொருள்படும் சொல்லை நாம் 'ஈரவை' என்று ஆக்கினோம். அவை என்பது அறை அல்ல, கூடிய கூட்டம். மன்றமோ இன்னும் நேர் எதிர்த் திசை. பழந்தமிழில் அது ஊர் நடுவே மரத்தடியில் எல்லோரும் கூடும் திறந்த வெளி. அந்தச் சொல்லைக் கொண்டு நீதிமன்றம் என்று பெயர் வைத்துவிட்டு, அதற்குள் இன்-கேமரா விசாரணை நடத்துகிறோம். இரண்டு சொற்களுக்கும் வாய் இருந்தால் சண்டை போட்டுக்கொள்ளும்.

அரசனும் கஜானாவும் ஒரு பக்கம் இருக்கட்டும். அதே அறையில் பத்து ஏழைச் சிப்பாய்களைப் போட்டால் என்ன ஆகும்? ஸ்பானிஷ் மொழியில் அறைக்குக் 'காமரா'. ஒரே அறையில் சேர்ந்து தங்கும் சிப்பாய்க் கூட்டத்துக்குக் 'கமராதா' என்று பெயர். கூட்டத்தின் பெயர் பிறகு கூட்டத்தில் உள்ள ஒருவனுக்கு வந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் காம்ரேட் ஆயிற்று. மேடையில் 'காம்ரேட்' என்று முழங்குகிறவர் நேர்ப்பொருளில் 'ரூம்மேட்' என்றுதான் அழைக்கிறார். நமக்குத் தோழர் என்ற அழகான சொல் இருந்தும் இது உள்ளே வந்துவிட்டது. ஜெர்மனில் மட்டும் சொல் சிப்பாய் முகாமை விட்டு அதிகம் நகரவில்லை. அங்கே 'கமெராட்' என்பவர் ராணுவத்திலோ தீயணைப்புப் படையிலோ கூட இருப்பவர். இடதுசாரிகள் தங்களுக்குள் 'கெனோஸ்ஸே' என்று வேறு சொல்லால் அழைத்துக்கொள்வார்கள். ஸ்வீடனில் அதற்கு அரசியல் வாசனையும் குறைவு, ராணுவ வாசனையும் குறைவு. பள்ளிக்கூட சிநேகிதன்கூட 'கம்ராட்' தான். ஐ.எஃப்.கே. என்று தொடங்கும் ஸ்வீடிஷ் கால்பந்து அணிகள் பல உண்டு; அந்தக் 'கே' இந்தச் சொல்தான்.

இதே ஸ்பானிஷ் அறையிலிருந்து ஒரு கெட்ட பிள்ளையும் பிறந்தது. 'கமரில்யா' என்றால் சின்ன அறை. 1814 முதல் 1833 வரை ஆண்ட ஏழாம் ஃபெர்டினாண்ட் மன்னர், அமைச்சர்களை ஒதுக்கிவிட்டு உள்ளறையில் சில நெருக்கமானவர்களோடு ஆலோசித்து முடிவெடுப்பார். அந்தக் கூட்டத்துக்கு இந்தப் பெயர் வந்து, பிறகு எந்த நாட்டிலும் அரண்மனைச் சூழ்ச்சிக் கும்பலுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அறையைப் பகிர்ந்தவர்கள் தோழர்கள் ஆனார்கள், அறையைச் சாத்திக்கொண்டவர்கள் கும்பல் ஆனார்கள். நடுவில், அறைக்குள் தட்டு ஏந்தி வந்தவரையும் மறக்கக் கூடாது. ஸ்பானிஷில் 'கமரேரோ', இத்தாலியனில் 'கமெரியேரே' இரண்டுக்கும் இன்று ஹோட்டலில் பரிமாறுபவர் என்று பொருள்.

சரி, இப்போது கருவிக்கு வருவோம். இருட்டான அறையின் சுவரில் ஒரு சிறு துளை இருந்தால், வெளியே உள்ள காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். இந்த விஷயத்தை ஒழுங்காகச் சோதித்து எழுதியவர் சுமார் 965-இல் பிறந்த அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம். இத்தாலியின் ஜாம்பாத்திஸ்தா தெல்லா போர்தா 1558-இல் வெளியிட்ட நூலில் இதை விவரிக்கும்போது 'ஒப்ஸ்குரும் குபிகுலும்' என்றார். அதுவும் இருட்டறை என்பதுதான். ஆனால் குபிகுலும் என்றால் படுக்கையறை. அந்தப் பெயர் நிலைத்திருந்தால் இன்று நாம் எல்லோரும் கையில் 'கியூபிகிள்' வைத்துக்கொண்டு அலைந்திருப்போம். நிலைத்தது யொஹான்னஸ் கெப்ளர் 1604-இல் எழுதிய பெயர்: கமெரா ஒப்ஸ்குரா. கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த அதே கெப்ளர்தான். 1620-இல் லின்ஸ் நகரத்தில் அவரைச் சந்தித்த ஆங்கிலேயத் தூதர் ஹென்றி வாட்டன், அவர் வயல்வெளியில் கறுப்புக் கூடாரம் ஒன்றை அடித்து, துளையில் லென்ஸ் பொருத்தி, சுற்றிலும் தெரியும் நிலக்காட்சியைத் தாளில் வரைந்துகொண்டிருந்ததைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறார்.

அப்புறம் அறை சுருங்க ஆரம்பித்தது. கூடாரம் பல்லக்கு அளவுக்கு ஆனது, பல்லக்கு பெட்டி ஆனது. ஆள் உள்ளே நிற்க வேண்டிய அவசியம் போய், வெளியே நின்று கண்ணாடித் தட்டில் பார்க்கும்படி ஆயிற்று. 1830-களில் ஃபோட்டோ பிடிக்கும் முயற்சியில் இருந்த ஆங்கிலேயர் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் வீட்டைச் சுற்றி ஆங்காங்கே வைத்த சின்ன மரப்பெட்டிகளை அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் 'எலிப்பொறி' என்றே சொன்னார். அறை இப்போது எலிப்பொறி அளவு. 1839-இல் பிரான்சின் தாகெர் ஃபோட்டோ எடுக்கும் தன் முறையை உலகத்துக்குக் காட்டிய பிறகு, இரண்டு சொல் பெயரைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. ஒன்றை வெட்டினார்கள். எதை வெட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை. படம் விழக் காரணமே இருட்டு. பெயரில் விஷயம் உள்ள பாதி ஒப்ஸ்குரா. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாத 'அறை'யை வைத்துக்கொண்டார்கள். மொபைல் போனை நாம் 'செல்' என்று சொல்வதும் இந்த ரகம்தான்.

இதற்கு முன்பே சொல் தன் 'அறை' என்ற பொருளிலிருந்து கழன்றுபோகத் தொடங்கிவிட்டது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1806-இல் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் ஓவியர்களுக்காக ஒரு கண்ணாடிப் பட்டகத்தைக் கம்பியில் பொருத்திக் காப்புரிமை வாங்கினார். அதன் பெயர் கேமரா லூசிடா, 'வெளிச்ச அறை'. அதில் அறையும் கிடையாது, பெட்டியும் கிடையாது.

இணையத்தில் சுற்றும் ஒரு கதையை இந்த இடத்தில் தட்டிவிட வேண்டும். கேமரா என்பது அரபு மொழியின் 'கமரா' என்ற சொல்லிலிருந்து, இப்னு அல்-ஹைதம் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது என்பார்கள். ஒளியியலில் அவருடைய பங்கு பெரியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சல்லஸ்ட் கமெரா என்று எழுதியது அவர் பிறப்பதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னால். அறிவு ஒரு வழியில் வந்தது, பெயர் இன்னொரு வழியில் வந்தது. ஒருவருக்கு உரிய பெருமையைக் கொடுக்க, இல்லாத சொற்பிறப்பு ஒன்றை உண்டாக்க வேண்டியதில்லை.

பெயர் கருவிக்குப் போனதும் பல மொழிகளுக்கு ஒரு தர்மசங்கடம் வந்தது. அறைக்கு ஏற்கெனவே அதே சொல் இருக்கிறதே! இத்தாலியர்கள் தீர்மானமாக இருந்தார்கள். அவர்களுக்குக் காமெரா என்றால் முதலில் அறைதான். கருவிக்கு 'ஃபோட்டோ எடுக்கும் இயந்திரம்' என்று நீட்டி ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ரோமில் விடுதி வரவேற்பில் காமெரா கேட்டால் ரூம் சாவிதான் தருவார்கள். ஸ்பானிஷ்காரர்கள் அறை, சபை, கருவி மூன்றுக்கும் காமராவையே வைத்துக்கொண்டு பேச்சுச் சூழலை நம்புகிறார்கள். பிரெஞ்சில் 'ஷாம்ப்ர்' என்றால் படுக்கையறை. 'கமேரா' என்ற சொல்லும் உண்டு, ஆனால் அது சினிமா, வீடியோ எடுப்பது மட்டும்தான். ஃபோட்டோ எடுப்பதற்கு 'அப்பரேய்'. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்ப்பவர்கள் முதல் வாரத்திலேயே விழும் குழி இது. ஜெர்மன்காரர்கள் 'கம்மர்' என்பதைச் சின்ன அறைக்கும், 'கமெரா' என்பதைக் கருவிக்கும் என்று பிரித்துவிட்டார்கள். ஹங்கேரியனில் சமையல் சாமான் வைக்கும் அறை 'கம்ரா', படம் பிடிப்பது 'கமெரா'. ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம்.

எனக்குப் பிடித்தது ரஷ்யன். அங்கே 'காமெரா' என்றால் சிறைக் கொட்டடி. ரயில் நிலையத்தில் பெட்டி படுக்கையை விட்டுச் செல்லும் இடமும் அதுதான். சைக்கிள் டயருக்குள் இருக்கும் டியூபும் அதுதான். படம் பிடிக்கும் கருவி நாலாவது. மூடிய இடம், உள்ளே ஏதோ அடைபட்டிருக்கிறது. ஆளா, பெட்டியா, காற்றா, ஒளியா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. சல்லஸ்ட் வர்ணித்த நிலவறைக்கு மிக நெருக்கமாக இருக்கும் மொழி லத்தீனின் பிள்ளையே அல்ல.

கிழக்கே இது கப்பல் வழியாக வந்தது, கேமரா வருவதற்கு முன்னூறு வருஷத்துக்கு முன்பே. போர்த்துக்கீசிய மொழியில் அறைக்குக் 'காமரா'. ஹிந்தியிலும் உருதுவிலும் அறைக்குச் சொல்லும் 'கம்ரா' அதிலிருந்து வந்தது. வங்காளத்தில் 'காம்ரா' என்றால் அறை, ரயில் பெட்டியும்கூட. 'கம்ரே மே கைம்ரா' என்று ஹிந்திக்காரர் சொன்னால், அறைக்குள் கேமரா என்று பொருள். லத்தீன்காரர் காதில் அது அறைக்குள் அறை. இந்தோனேசியாவுக்கு டச்சுக்காரர்கள் மூலமாகப் போய் 'கமார்' ஆனது. அங்கே 'சின்ன கமார்' என்றால் கழிப்பறை.

தமிழில் என்ன ஆயிற்று? ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் அதே போர்த்துக்கீசியர்கள் கொண்டுவந்தவை, எல்லாமே அடியில் லத்தீன். இவ்வளவு தட்டுமுட்டுச் சாமானையும் வாங்கிய தமிழ்நாட்டுத் தமிழ், அவற்றை வைக்கும் அறைக்கு மட்டும் தன் சொல்லையே வைத்துக்கொண்டது. அறை என்ற சொல் ஏற்கெனவே இருந்ததே என்று காரணம் சொல்லலாம். ஆனால் சாளரமும் திறவுகோலும்கூட ஏற்கெனவே இருந்தவைதானே. கடன் வாங்குவதில் இப்படிப்பட்ட நியாயம் எல்லாம் பார்க்க முடியாது. நம் அறையும் தனியாகவே அதே தூரம் நடந்திருக்கிறது. இதயத்துக்கு நான்கு அறைகள் என்கிறோம், ஜெர்மன்காரர்கள் அங்கே 'கம்மர்' என்கிறார்கள்.

இலங்கைத் தமிழ் மட்டும் கதவைத் திறந்தது. போர்த்துக்கீசியரும் அவர்களுக்குப் பின் டச்சுக்காரர்களும் இருந்த தீவு அது. ஒருவர் வாயில் காமரா, இன்னொருவர் வாயில் காமர். சிங்களத்தில் அறை இன்றும் 'காமரய'. மலையகத் தமிழில் அது 'காம்பரா'. காம்பிரா என்றும் எழுதுவார்கள். பிரெஞ்சு ஷாம்ப்ரில் முளைத்த அதே 'ப்' இங்கேயும் நிற்பதைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒரு குடும்பத்துக்கு உரிய அறைக்கு 'லயன் காம்பரா' என்று பெயர். லயன் என்பது ஆங்கில 'லைன்'. அதுவும் லத்தீன்தான், லினன் நூலைக் குறித்த 'லினெயா'. ஒரு லத்தீன் சொல் ஆங்கிலேயரோடும், இன்னொன்று அவர்களுக்கு முன்னால் வந்தவர்களோடும் கடல் கடந்து, மலைமேல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஒற்றை அறைக்குப் பெயராக ஒட்டிக்கொண்டன.